முக்கிய விருந்தினர் வடம் பிடித்த கதை

மேடையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலி சிவப்பு வெல்வெட் வைத்தது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையை உட்கார வைப்பார்களே, அந்த ரகம். தோளில் பொன்னாடை. மடியில் கண்ணாடிக் காகிதம் சுற்றிய பூங்கொத்து. மூச்சு விட்டால்கூட அது சரசரவென்று சத்தம் போட்டது.

எதிரே மைதானம். காலையில் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. அதன் மேல் என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு வடம். அதை விட்டு என் கண் நகரவில்லை.

வடத்தின் ஒரு பக்கம் எட்டுப் பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மறுபக்கம் ஏழு பேர்தான். எட்டாவது ஆள் கொஞ்ச நேரம் முன்பு சாக்கு ஓட்டத்தில் விழுந்து, கணுக்கால் வீங்கி, பலாமரத்தடியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவர் விசிலை உதட்டில் வைத்தபடியே, ஆள் உண்டா இல்லையா என்று கையால் கேட்டார்.

என் கால் இரண்டும் செருப்புக்குள் பரபரத்தன. பத்து வருடத்துக்கு மேல் கழித்து ஊருக்கு வந்ததே இந்த வடத்தைப் பிடிப்பதற்காகத்தான். ஆனால் நான் மேடையில் இருந்தேன். நோட்டீஸில் பெயர் போட்ட முக்கிய விருந்தினர் நான்.

போன வாரம் இந்தத் தொடரை விமானத்தில், பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டையோடு நிறுத்தியிருந்தேன். நடுவில் மூன்று நாளைத் தாண்டிக் குதித்து மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். இந்த நாளை நினைத்தால் எனக்கு வரிசையாகச் சொல்ல வருவதில்லை. இப்போது பின்னால் போகிறேன்.

சப்பாத்தி

விமான நிலையத்துக்கு வில்சன் அண்ணன் காரோடு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பெட்டியைத்தான் முதலில் கட்டிப் பிடித்தான். அழுகை வந்தால் அவன் அப்படித்தான், கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொள்வான்.

பாலராமபுரம் தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி, அமரவிளை பாலத்தில் ஏறும்போது நான் கண்ணாடியை இறக்கினேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன. நான் மூக்கை வெளியே நீட்டுவதற்குள் அண்ணன் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி என் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பொடி, அதாவது தூசி, அடிக்குமாம், ஏசி போட்டிருக்கிறானாம்.

எங்கள் வீடு, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லைப் பக்கம், உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் சரிவில் இருக்கிறது. வாசலில் அம்மா நின்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அழுதாள், சிரித்தாள். பிறகு சட்டென்று கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கையில உள்ளியாக்கும் மக்கா, நாறும்" என்றாள். வெங்காயம் நாறினால் எனக்கு என்ன? ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அம்மா என்னைத் தொடவில்லை.

என் அறையில் புது மெத்தை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. படுத்தால் முதுகு வேர்த்து ஒட்டிக்கொண்டது. மூலையில் ஒரு பெட்டி நிறைய பாட்டில் தண்ணீர். சாப்பிட மேஜையில் பூப்போட்ட கண்ணாடித் தட்டு, அதில் சப்பாத்தி, காரமே இல்லாத கோழிக்கறி, கூடவே ஒரு ஸ்பூன்.

அடுக்களையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, எங்கள் மரச்சீனி, வேகும் வாசனை வந்தது. அதோடு நெத்திலிக் கறி. எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மாவும் அண்ணனும் மைனியும் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் அதுவே போதும் என்றேன். என் வயிற்றுக்குப் பிடிக்காது என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அயர்லாந்தில் வாரத்துக்கு இரண்டு நாள், மலையாளிக் கடையில் ஐஸ் கட்டியாகக் கிடக்கும் மரச்சீனியை வாங்கி வேகவைத்துத் தின்கிறவள் நான். சொந்த வீட்டில் எனக்குச் சப்பாத்தி. வயிறு எரிந்தது.

மைனியின் பெயர் பிரீதா. அண்ணன் மனைவி. காஞ்சிரங்குளத்தில் பிறந்தவள், கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் அவளும் ஒரே பாயில் படுத்து விடிய விடிய ஊர்க்கதை பேசியிருக்கிறோம். இப்போது நான் அடுக்களை வாசலில் தலை காட்டினால், புளி பிசைந்த கையோடு எழுந்து நின்று, வேர்க்கும், ஃபேனுக்குக் கீழே போய் இரு என்று சொல்கிறாள்.

சரி, எல்லாத் தப்பும் அவர்கள் தலையில் இல்லை. நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

சாயா கொண்டு வந்தால் 'தேங்க்ஸ் மைனி'. துண்டு எடுத்துத் தந்தால் 'தேங்க்ஸ் அம்மா'. கதவருகே தோள் உரசினால் 'சாரி'. நான் இருக்கும் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்க முடியாது. வாய்க்கு அது பழகிப்போய்விட்டது. ஒவ்வொரு 'தேங்க்ஸ்'க்கும் மைனியின் முகம் கொஞ்சம் இறுகியது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள். "எடுத்ததுக்கெல்லாம் எதுக்கு தேங்ஸ் சொல்லுதே? நாங்க என்ன ஓட்டலா நடத்துதோம்?"

"சாரி அம்மா" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆண்கள் கையிலிருந்து வடம் போனது

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சர்ச்சுக்கு, ஓணம் கிளப்புக்கு. அப்படித்தான் நான் வளர்ந்தேன். கிளப்பின் ஓண விழாவில் என்ன போட்டி இருந்தாலும் ஊர் கூடுவது வடம்வலிக்குத்தான். கயிறு இழுக்கும் போட்டி என்று சொன்னால் ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் அது மானப் பிரச்சினை.

அப்பா லாரி டிரைவர். வடத்தின் கடைசியில் நிற்பது அவர்தான். வடத்தைத் தோளில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சாய்ந்துவிடுவார். அவரை அசைப்பது கஷ்டம். நான் மைதானத்து ஓரத்தில் நின்று தொண்டை கட்டும் வரை கத்துவேன். பெண் பிள்ளைகள் வடத்தைத் தொடக் கூடாது என்று அப்போது ஒரு பேச்சு. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு ஓணத்துக்கு வடம் நடுவில் அறுந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்து முடிப்பதற்குள், வடத்தில் முன்பே பிளேடு வைத்தது யார் என்று சண்டை. கல்யாண வீடுகளில் பந்தி தனித்தனியாகப் போடும் அளவுக்கு அந்தச் சண்டை வளர்ந்தது. உண்மையில் வடம் பழசு, எலி கடித்திருந்தது. அதை எல்லோரும் ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஆண்கள் வடம் தொட வேண்டாம் என்று கிளப் முடிவு செய்தது. வடத்தைக் கையில் எடுத்தவள் லீலாக்கா. எங்கள் சரிவில் மேல்வீட்டில் பிறந்தவள், தையல் கடை வைத்திருக்கிறாள், பேச்சில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. ஊரில் பிறந்த பெண்கள் ஒரு பக்கம், ஊருக்கு வாழ வந்த பெண்கள் மறுபக்கம் என்று பிரித்தது அவள்தான். மவமாரு டீம், மருமவமாரு டீம்.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், மவமாரு டீமுக்கு ஆள் சேர வேண்டுமானால் நாகர்கோவிலுக்கும் திருப்புறத்துக்கும் கட்டிக் கொடுத்த பெண்களெல்லாம் ஓணத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். மாமியார் விடவில்லை, லீவு இல்லை என்று எந்தச் சாக்கும் லீலாக்காவிடம் செல்லாது. போன் மேல் போன் போட்டு வரவழைத்துவிடுவாள். லீலாக்காவே அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகளா மருமகளா என்று முதல் வருடம் ஒரு பெரிய வழக்கு நடந்தது. பிறந்த வீடுதான் முதல் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அம்மா திருப்புறத்திலிருந்து வந்தவள். அதனால் மருமவமாரு கட்சி. வயதாகி வடம் பிடிக்க முடியாவிட்டாலும் கட்சி மாறவில்லை. மைனி அந்த டீமின் கேப்டன்.

இதெல்லாம் ஆரம்பித்தபோது அப்பா இல்லை, நானும் ஊரில் இல்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், மதிய இடைவேளையில், அண்ணன் போனில் காட்டும் ஆடும் படத்தில்தான் பார்ப்பேன். ஒரு வருடம் மவமாரு டீம் கோட்டருகே வந்தபோது என்னையறியாமல் நாற்காலி மேல் ஏறி நின்று "வலி! வலி!" என்று, அதாவது இழு இழு என்று, கத்திவிட்டேன். கூச்சலைக் கேட்டு, யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து, தலைமை நர்ஸ் கருவிப் பெட்டியோடு ஓடி வந்தாள். அவளுக்கு நான் என்னவென்று விளக்குவது?

அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரு ஓணத்துக்கு ஊரில் இருக்க வேண்டும். அந்த வடத்தில் என் கையும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவரின் வேலை, விடுப்பு என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நான் மட்டும் கிளம்பி வந்தேன். அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

நோட்டீஸ்

வந்த மறுநாள் காலையிலேயே லீலாக்காவின் தையல் கடைக்குப் போனேன். கட்டிப்பிடித்தாள். உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள், ஜவுளிக்கடையில் துணியைப் பார்ப்பது மாதிரி.

"இது ஊசி போடுத கையாக்கும். வடம் பிடிச்சா தொலி உரிஞ்சு போவும்" என்றாள். "ஒனக்கு வல்லதும் ஆச்சுன்னா ஒனக்க அண்ணனுக்கு நானா பதில் சொல்லது? நீ மேடையில இரி மக்கா. அதாக்கும் பாக்கதுக்கு கொள்ளாம்."

பார்க்க அதுதான் நன்றாக இருக்குமாம். எந்த மேடை என்று கேட்டேன். தையல் இயந்திரத்துக்குக் கீழிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். மலையாளத்தில் பெரிய எழுத்து. நடுவில் என் படம். அண்ணன் கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து வெட்டியது, என் தோளில் யாருடைய கையோ ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கீழே, அயர்லாந்திலிருந்து வருகை தரும் முக்கிய விருந்தினர், பரிசு வழங்குவார்.

கிளப் பொருளாளர் வில்சன் அண்ணன் எனக்குச் செய்த இன்ப அதிர்ச்சி அது. சாயங்காலம் அவனே நோட்டீஸ் கட்டோடு வந்தான். தங்கச்சியின் படத்தை ஊர் முழுக்க ஒட்டிவிட்டு வந்த பெருமை முகத்தில் வழிந்தது. எத்தனை நாளைக்கு முன்னால் அச்சடித்தான், எழுத்து சிவப்பா நீலமா என்று எத்தனை சண்டை போட்டான் என்று சொல்லிக்கொண்டே போனான். எனக்கு இது வேண்டாம் அண்ணா என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

"தேங்க்ஸ் அண்ணா" என்றேன்.

அறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் மெத்தையில் விழுந்தேன். எனக்கு அழுகை வந்தது. இத்தனை கடல் தாண்டி நான் என்ன விருந்துக்கா வந்தேன்? இன்னும் சில நாளில் திரும்பிப் போய்விடுவேன். அதற்குள் இந்த வீட்டில் யாராவது என்னை ஒரு வேலை ஏவினால், ஒரு தடவை திட்டினால் போதும் என்று இருந்தது. ஒருவரும் திட்டவில்லை. அம்மா கதவைத் தட்டி, பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எட்டாவது ஆள்

இப்போது மேடைக்குத் திரும்புகிறேன்.

கிளப் செயலாளர் அனில் மைக்கைப் பிடித்து, "நம்முடெ நாட்டிண்டெ அபிமானம், ஐர்லண்டு ஷைலா மேடம்" என்று மூன்றாம் முறையாக என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தான். ஊரின் பெருமையாம். கீழே லீலாக்கா கூட்டத்துக்குள் புகுந்து ஊரில் பிறந்த பெண்ணாகத் தேடினாள். ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை. ஒருத்திக்குத் தோள் வலி. ஒருத்தி வருவேன் என்று சொல்லிவிட்டு, புருஷன் பார்ப்பதைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

மருமவமாரு டீமில் ஒருவரைக் குறைத்து ஏழுக்கு ஏழு வைத்துக்கொள்ளலாமா என்று நடுவர் கேட்டார். கேப்டன் மைனி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு முடியாது என்றாள். இவள் இவ்வளவு பிடிவாதக்காரியா என்று நானே நினைத்தேன். பிறகு அவள் மைதானத்தைக் கடந்து நேராக மேடையை நோக்கி வந்தாள். நியாயம் கேட்கத்தான் வருகிறாள், பதிலை நான் சொல்லட்டும் என்று அனில் மைக்கை என் பக்கம் திருப்பினான்.

மைனி என்னைப் பார்க்கவில்லை. அனிலைப் பார்த்துச் சொன்னாள்.

"இவ இந்த ஊருல பெறந்தவதானே? பின்ன எதுக்கு மேல இருக்கா? கீழ எறக்கி விடுங்க."

பாயசப் பந்தலிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த அண்ணன் மைக் பக்கத்தில் நின்று, "பிரீதா, அது கெஸ்டாக்கும்" என்றான். மைக் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது.

"கெஸ்டா?" என்றாள் மைனி. "மூணு நாளா சப்பாத்தி சுட்டு எனக்க கை கழஞ்சு போச்சு. அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேங்ஸ் வேற. இண்ணைக்கு நான் இவள வலிச்சு மண்ணுல போடணும்."

அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது. மைதானமே சிரித்தது. என் உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து என்னிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசவில்லை.

ஆனால் அண்ணனின் முகம் வாடிப்போயிற்று. கரண்டியிலிருந்து பாயசம் அவன் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அவன் பக்கத்தில் போனேன். நான் வந்ததே இதற்காகத்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவன் கரண்டியை மேடை ஓரத்தில் வைத்தான். பிறகு கேட்டான், "அப்ப பரிசு யாரு குடுப்பா?"

"நான்தான் அண்ணா. வலிச்சிட்டு வந்து குடுக்கேன்."

அவன் விலகி எனக்கு வழி விட்டான். மேடைப் படிக்குக் கீழே அம்மா ஏற்கெனவே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். பொன்னாடையை உருவி மடித்து அக்குளில் வைத்தாள். காலையில் மைனி எனக்கு அழகாக உடுத்திவிட்டிருந்த செட்டுமுண்டுச் சேலையை அம்மாவே முழங்காலுக்கு மேல் தூக்கி, முறுக்கி, இடுப்பில் அழுத்திச் செருகினாள். மூன்று நாள் கழித்து அம்மாவின் கை என் மேல் பட்டது.

"எனக்க வோட்டு பிரீதாக்குத்தான்" என்றாள். "ஆனா நீ நல்லா வலிக்கணும் கேட்டியா."

சாரி

லீலாக்கா என்னை வடத்தின் முன்னால் நிறுத்தினாள். பின்னால் நின்றால் எல்லோரையும் கெடுத்துவிடுவேனாம். முன்னால் என்றால், எதிர் டீமின் முதல் ஆளுக்கு நேர் எதிரே. அங்கே மைனி நின்றாள். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே வடமும், அதில் கட்டிய சிவப்புத் துணியும்தான்.

செருப்பைக் கழற்றி எறிந்தேன். அயர்லாந்தில் சாக்ஸும் ஷூவுமாகவே கிடந்த என் பாதம் செம்மண்ணில் இறங்கியது. குளிர்ந்த சேறு விரல் இடுக்கில் பிதுங்கியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் தடவை விசில் அடித்ததுதான் தெரியும். மருமவமாரு எங்களை ஒரே இழுப்பில் கொண்டுபோய்விட்டார்கள். நான் முகம் குப்புற விழுந்தேன். வாயில் மண்.

இரண்டாம் தடவை லீலாக்கா பின்னாலிருந்து தாளம் போட்டாள். வலி என்றால் எட்டுப் பேரும் சாய வேண்டும், நில்லு என்றால் அப்படியே கல்லாக வேண்டும். வலி, நில்லு. வலி, நில்லு. உள்ளங்கை தீயாக எரிந்தது. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. வடம் எங்கள் பக்கம் விரல் விரலாக வந்தது. சிவப்புத் துணி கோட்டைத் தாண்டியபோது நான் போட்ட கூச்சல் எனக்கே காது அடைத்தது. தெரியாத ஒருத்தியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவளும் கொடுத்தாள்.

மூன்றாவது தடவைதான் தீர்ப்பு. வடம் அசையவே இல்லை. இரண்டு பக்கமும் சாய்ந்து அப்படியே நின்றோம். ஊர் முழுக்கக் கத்தியது. மைனியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியும் அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடம் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. இன்னும் ஒரு சாண். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மைனியின் கால் வழுக்கியது. முழங்கால் தரையில் மோதிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருடம் நர்ஸ் வேலை பார்த்த கை. ஒருவர் விழுந்தால் அது என்னைக் கேட்பதில்லை.

"அய்யோ, சாரி மைனி" என்றேன். இரண்டு கையையும் விட்டுவிட்டு அவளைத் தூக்கக் குனிந்தேன்.

முன்னால் நிற்பவள் கையை விட்டால் பின்னால் நிற்பவர்களின் பிடி குலைந்துபோகும் என்று அப்போது எனக்கு நினைவில்லை. மைனி வடத்தை விடவில்லை. மண்டியிட்டபடியே இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழு பேர் ஒன்றாகச் சாய்ந்தார்கள். என் டீம் முழுக்க என் மேல் ஏறி உருண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

விசில்.

மருமவமாரு ஆட ஆரம்பித்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். எதிரே லீலாக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள், தலைமுடி முழுக்கச் சேறு.

"ஏட்டி, வடத்த பிடிச்சிட்டு ஆராவது சாரி சொல்லுவாளா? நீ என்ன ஆஸ்பத்திரியிலயா நிக்கே? புத்தி கெட்டவளே, செயிச்ச களியாக்கும் கொண்டு தொலச்சது."

ஜெயித்த ஆட்டத்தைத் தொலைத்துவிட்டேனாம். அவள் தொடங்கி வைத்ததுதான். நாகர்கோவிலிலிருந்து வந்தவள் திட்டினாள். நான் முத்தம் கொடுத்த தெரியாத பெண்ணும் திட்டினாள். பலாமரத்தடியிலிருந்து கால் வீங்கியவள் நொண்டிக்கொண்டே வந்து திட்டினாள். அண்ணன், உன்னை மேடையில் உட்கார வைத்ததுதான் சரி, உனக்கு அதுதான் லாயக்கு என்றான். அயர்லாந்தில் தப்பு செய்தால் தனியே ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மெதுவாகத் தப்பைச் சொல்வார்கள். இங்கே ஊர் கூடி நின்று, முகத்துக்கு நேரே, ஒரே நேரத்தில். நான் சேற்றில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது.

அனில் மைக்கில் கூப்பிட்டதும் அப்படியே மேடையேறி முதல் பரிசை நான்தான் கொடுத்தேன். ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை. சேற்று முகத்தோடு நானும் சேற்று முகத்தோடு மைனியும் குலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இப்போது என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

படம் எடுத்து முடிந்ததும் மைனி குலையை என் கையிலேயே திருப்பித் தந்தாள். "பிடி. வீட்டுக்கு எடுத்துட்டு வா. எனக்கு முட்டு வலிக்கி."

அவள் முன்னால் நொண்டி நடந்தாள். முக்கிய விருந்தினராகிய நான் வாழைக்குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழி நெடுக அம்மா எனக்குப் பின்னால் வந்தாள். அவள் வாய் ஓயவில்லை.

அடி பிடித்த பானை

பொழுது சாய்வதற்குள் குளித்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். வேர்க்கும், ஃபேனடியில் போய் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. மைனி முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அதைக் கையால் அழுத்திப் பார்த்தேன். வெறும் சிராய்ப்புதான். அவள் என் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. 

அம்மா எனக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். விளிம்பு நசுங்கிய பழைய ஸ்டீல் தட்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கீழே போட்டு நசுக்கியது. அதில் மரச்சீனி, மேலே நெத்திலிக் கறி.

"எனக்க டீம் செயிச்சது வேற காரியம்" என்றாள் அம்மா. "நீ விட்டது வேற காரியம். ஒனக்க அப்பன் இருந்திருந்தா இண்ணைக்கு ஒனக்கு சோறு தந்திருக்க மாட்டாரு. தின்னு. தின்னுட்டு அந்தப் பானையத் தேச்சு வையி, ஒன்னத் திட்டுன நேரத்துல மரச்சீனி அடி பிடிச்சுப் போச்சு."

உரிந்த கையில் மிளகாய் பட்டுச் சுரீரென்று எரிந்தது. வாய் எரிந்தது. மூக்கில் நீர் வந்தது. நல்ல ருசி. 'தேங்க்ஸ் அம்மா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மைனி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு கை மரச்சீனியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன்.

பிறகு பானையைக் கொல்லைக்குக் கொண்டுபோய், சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். மைனி அதை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தாள். விரலால் அடியைச் சுரண்டினாள்.

"கரி போவேல்ல" என்று என் கையில் திருப்பித் தந்தாள். "இன்னொருக்க தேய்."

நான் மறுபடியும் கொல்லைக்குப் போய் உட்கார்ந்து தேய்த்தேன்.